செம்பில் கோடு வரைவது: யாழினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிரெட்போர்டில் ஒரு 555 ஐசி, மூன்று ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு சிவப்பு எல்இடி. நொடிக்கு ஒரு தடவை அழகாகச் சிமிட்டுகிறது. அதற்குக் கீழே நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். "இதைப் பிரிக்க மனசே வரலை பெரியப்பா. பிசிபி செஞ்சு வெச்சுக்கணும். ஆன்லைன்ல ஆர்டர் போடவா, நாமே செய்யலாமா?"

நாமே செய்யலாம்.

ஆர்டர் போடுவதில் தவறு ஒன்றுமில்லை. கணினியில் வரைந்த கோப்பை அனுப்பினால், பச்சைப் பூச்சும் வெள்ளை எழுத்துமாகப் பலகை வீடு தேடி வந்துவிடும். துளைகளின் உள்சுவரில்கூடச் செம்பு பூசியிருப்பார்கள். ஒரே பலகை பத்து வேண்டுமென்றாலோ, கால்கள் நெருக்கமான குட்டி ஐசி வைக்கவேண்டுமென்றாலோ நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் உன் முதல் சில பலகைகளை நீ கையால் செய்யவேண்டும் என்று பிடிவாதமாகவே சொல்கிறேன். தொழிற்சாலைப் பலகைக்கு இரண்டு பக்கமும் செம்பு உண்டு. ஒரு கோடு இன்னொரு கோட்டில் முட்டினால், அங்கே ஒரு துளை போட்டு மறுபக்கத்துக்குப் போய்விடலாம். அதனால் பாகங்களை எப்படி வைத்தாலும் கடைசியில் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடும். வீட்டில் நமக்கு ஒரு பக்கம்தான். கோடு கோட்டைத் தாண்ட முடியாது. ஐசி எந்தத் திசை பார்த்து உட்காரவேண்டும், ரெசிஸ்டர் எந்த இடைவெளியில் படுக்கவேண்டும், கிரவுண்டு எந்த ஓரமாகப் போகவேண்டும் என்று ஒவ்வொன்றையும் நீ யோசித்தாக வேண்டும். சர்க்யூட் படத்தைப் படிக்க உனக்கு ஏற்கெனவே தெரியும். மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று பார்க்கும் கண் இன்னும் வரவேண்டும். அதை ஒருபக்கப் பலகையைப் போலக் கற்றுத்தருவது வேறொன்றில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கையில் இருக்கப்போகிற பொருளைத் தெரிந்துகொள். கடையில் காப்பர் கிளாட் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். பழுப்பு நிறத்தில் இருப்பது காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்தியது. வெளிர் பச்சையோ மஞ்சளோ கலந்து ஒளி ஊடுருவுகிற மாதிரி இருப்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது. கடைக்காரர்கள் கிளாஸ் எபாக்ஸி என்பார்கள், எஃப்ஆர்-4 என்றும் சொல்வார்கள். பழுப்புப் பலகை விலை குறைவு, அறுக்கவும் துளைக்கவும் சுலபம். ஆனால் சால்டரிங் அயர்னை ஓரிடத்தில் கொஞ்சம் அதிகநேரம் வைத்தால் செம்பு பலகையை விட்டுப் பெயர்ந்து வந்துவிடும். புதிதாகச் சால்டரிங் பழகுகிற கைக்குக் கிளாஸ் எபாக்ஸிதான் நல்லது. 1.6 மி.மீ. தடிமன் உள்ளதை வாங்கு.

அதன்மேல் ஒட்டியிருக்கும் செம்பின் கனத்தை அவுன்ஸில் சொல்வது வழக்கம். ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அவுன்ஸ் செம்பைச் சீராகப் பரப்பினால் வரும் தடிமன் ஏறக்குறைய 35 மைக்ரான். அதுதான் சாதாரணமாகக் கிடைக்கும் பலகை. இதிலிருந்து உனக்குப் பயன்படுகிற ஒரு கணக்கு வருகிறது. அந்தத் தடிமனில் செம்பை எந்த அளவுச் சதுரமாக வெட்டினாலும், ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு உள்ள மின்தடை கிட்டத்தட்ட அரை மில்லி ஓம்தான். சதுரம் பெரிதானால் நீளமும் அகலமும் ஒன்றாகக் கூடுவதால் தடை மாறுவதில்லை. ஆகவே ஒரு டிராக்கின், அதாவது செம்புக் கோட்டின், தடை தெரியவேண்டுமென்றால் அதில் எத்தனை சதுரம் அடங்கும் என்று எண்ணினால் போதும். 1 மி.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள டிராக்கில் நூறு சதுரம், அதாவது 50 மில்லி ஓம். உன் எல்இடிக்குப் போவது பத்துப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர். அதற்கு இந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. நாளைக்கு ஒரு சின்ன மோட்டாரை ஓட்டுகிறாய், 2 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள். அதே டிராக்கில் 0.1 வோல்ட் தொலைந்துபோகும், கோடும் சூடாகும். பவர், கிரவுண்டு இரண்டையும் அகலமாகப் போடச் சொல்வது இதனால்தான். உன் பலகையில் சாதாரணக் கோடுகளை 1 மி.மீ. வைத்துக்கொள், பவரும் கிரவுண்டும் 2 மி.மீ. இருக்கட்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அரை மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடு. வீட்டு முறைக்கு இது வசதியான அளவு.

இனி வரைவது. இதில்தான் நீ அதிகநேரம் செலவழிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கணினியைத் திறக்காதே. கட்டம்போட்ட கணக்கு நோட்டை எடு. ஐசியின் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., அதாவது பத்தில் ஓர் அங்குலம். ஒரு கட்டத்தை அந்த அளவாக நினைத்துக்கொண்டு பென்சிலால் வரை.

555-ஐ மேலிருந்து, பள்ளம் மேல்பக்கம் இருக்குமாறு பார். இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலது வரிசையில் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. உன் சுற்றில் இரண்டு இணைப்புகள் ஐசியைக் குறுக்கே கடக்கின்றன. இரண்டாம் கால் ஆறாம் காலோடு சேரவேண்டும். நான்காம் கால், ரீசெட், எட்டாம் காலில் உள்ள பவரோடு சேரவேண்டும். இரண்டையும் ஐசியின் வயிற்றுக்கு அடியில் நேர்க்கோடாக இழுத்துப்பார், ஒன்றையொன்று வெட்டும். பிரெட்போர்டில் வயர் வயரைத் தாண்டிப் போனதால் இது உன் கண்ணில் படவே இல்லை.

கடைக்குப் போய் ஜம்பர் வயருக்குக் கம்பி வாங்குவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து யோசி. இரண்டிலிருந்து ஆறுக்குப் போகும் கோடு குட்டையானது, அது ஐசிக்கு அடியிலேயே சாய்வாகப் போகட்டும். நான்கிலிருந்து எட்டுக்குப் போவது வெளியே சுற்றி வரட்டும்: நான்காம் காலிலிருந்து கீழே இறங்கி, ஐந்தாம் காலுக்கு அடியில் திரும்பி, வலது ஓரமாக மேலேறி எட்டைத் தொடட்டும். இப்போது அந்தப் பவர் கோடு வலது வரிசையை ஒரு வேலி போல வளைத்துக்கொள்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட பாகங்களைப் பார். எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே 68 கிலோ ஓம். இரண்டுக்கும் வெளியே போகவேண்டிய தேவையே இல்லை. வேலிக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ஆறாம் காலிடம் தேடாமல், அதே இணைப்பில் இருக்கிற இரண்டாம் காலிடமிருந்து இடதுபக்கம் எடு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கிரவுண்டை ஓடவிட்டிருந்தால் அதன் மறுகால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாம் காலிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டரும் எல்இடியும் அதே இடதுபக்கம்தான்.

பாக்கி இருப்பது ஐந்தாம் கால். அதிலிருந்து ஒரு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்குப் போகவேண்டும். ஆனால் கால் வேலிக்கு உள்ளே, கிரவுண்டு வெளியே. இங்கே கெப்பாசிட்டரையே பாலமாக்கிவிடு. கிரவுண்டைக் கீழ் ஓரமாகக் கொஞ்சம் நீட்டி, கெப்பாசிட்டரின் ஒரு காலை வேலிக்கு உள்ளேயும் மற்றதை வெளியேயும் இறக்கினால், அதன் உடல் பலகையின் மேல்பக்கமாகப் பவர் கோட்டைத் தாண்டிவிடும். செம்பு கீழ்ப்பக்கம்தானே இருக்கிறது. ஒரு ஜம்பர்கூட இல்லாமல் முழுச் சுற்றும் முடிந்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைத் திறந்து பலகையைப் பார்த்தாயானால், ரெசிஸ்டர்கள் ஏன் அங்கங்கே அப்படிப் படுத்திருக்கின்றன என்று இனி உனக்கே புரியும். அதை வரைந்தவர் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் பாலமாகப் பயன்படுத்தியிருப்பார்.

இன்னொன்று. படத்தில் இல்லாத ஒரு கெப்பாசிட்டரை நீ சேர்க்கவேண்டும். 555-இன் வெளியீடு மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மாறும் கணத்தில், அந்த ஐசி சட்டென்று ஒரு பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். தூரத்து பேட்டரியிலிருந்து அது வந்து சேர்வதற்குள் பவர் கோட்டில் வோல்டேஜ் ஒரு குழி விழுந்து எழும். பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இருந்தால் அந்தத் தேவையை அது சமாளித்துக்கொள்ளும். எட்டாம் காலும் முதல் காலும் ஐசியின் தலைப்பக்கத்தில் எதிரெதிரே இருக்கின்றன, அங்கேயே குறுக்காக வைத்துவிடு. ஒற்றை எல்இடிக்கு இது இல்லாமலும் ஓடும். ஆனாலும் முதல் பலகையிலேயே இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிடட்டும்.

பென்சில் படம் திருப்தியாக வந்தபிறகு கணினிக்குப் போ. கிகேட் என்ற மென்பொருள் இலவசம். பிரான்சில் ஜான்-பியேர் ஷாராஸ் என்பவர் 1992-இல் தொடங்கியது, பின்னாளில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் அதை வளர்க்கத் தோள்கொடுத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பேட்களை, அதாவது பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் செம்பு வட்டங்களை, அது தானாக வைப்பதைவிடப் பெரிதாக்கு, 2 மி.மீ. விட்டம் இருக்கட்டும். வெற்றிடங்களை எல்லாம் கிரவுண்டு செம்பாலேயே நிரப்பச் சொல். அகற்றவேண்டிய செம்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ரசாயனம் மிச்சம்.

கண்ணாடிப் பிம்பம் என்கிற விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். திரையில் நீ பார்ப்பது பாகங்கள் இருக்கும் மேல்பக்கத்திலிருந்து, பலகை கண்ணாடி போல இருந்தால் கீழே தெரியும் செம்பு. அதை அப்படியே, திருப்பாமல் அச்சிடு. காகிதத்தைக் கவிழ்த்துச் செம்பின்மேல் வைக்கும்போது அது தானாகத் திரும்பிச் சரியாகிவிடும். சந்தேகமே வராமல் இருக்க, கீழ்ச் செம்பு அடுக்கில் உன் பெயரை எழுதிவிடு. காகிதத்தில் பெயர் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் பலகையில் நேராக விழும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு நூறு சதவீத அளவில் எடு. வந்த காகிதத்தின்மேல் நிஜ ஐசியை வைத்துப்பார், எட்டுக் கால்களும் எட்டுப் பேட்களின் நடுவில் உட்காரவேண்டும்.

லேசர் பிரிண்டர்தான் வேண்டும். அதன் டோனர் என்பது நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டுகிறது, மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகிச் செம்பில் ஒட்டும். இங்க்ஜெட் மையால் இது நடக்காது. வீட்டில் லேசர் பிரிண்டர் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடைக்குப் போ, ஜெராக்ஸிலும் டோனர்தான். காகிதத்துக்கு அச்சகத்தில் ஆர்ட் பேப்பர் கேள். நோட்டீஸும் காலண்டரும் அடிக்கிற வழவழப்பான தாள். அதன் மேல்பூச்சு வெள்ளைக் களிமண், தண்ணீரில் ஊறினால் டோனரை விட்டுவிடும். இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் ஃபோட்டோ பேப்பரை மட்டும் லேசர் மெஷினில் நுழைக்காதே. அதன் பிளாஸ்டிக் பூச்சு உள்ளே சூட்டு உருளையில் ஒட்டிக்கொண்டால் கடைக்காரருக்குப் பெரிய நஷ்டம்.

இப்படி அச்சடித்தே சுற்று செய்யும் யோசனைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர். 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பொறியாளர். நாஜிகளின் நிழல் விழுந்த ஆண்டுகளில், 1936-இல், லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் ரேடியோவுக்குள் ஒவ்வொரு இணைப்பையும் கையால் கம்பி வைத்துத்தான் பற்றவைத்தார்கள். ஐஸ்லரின் யோசனை, செம்புத் தகட்டில் வேண்டிய கோடுகளை அச்சு முறையில் மூடி, மிச்சத்தை அமிலத்தால் அரித்துவிடுவது. அதற்குக் கைகொடுத்தது லண்டனில் இசைக் குறிப்புகளை அச்சிட்டுவந்த ஒரு நிறுவனம், 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். நீ ஜெராக்ஸ் கடையில் செய்யப்போவதும் அடிப்படையில் அதே வேலை. நம் ஊரில் இது கைகளுக்குப் பரவியதற்கு 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' போன்ற பத்திரிகைகள் ஒரு காரணம். 1969 முதல் வந்துகொண்டிருக்கும் அந்த இதழில் சுற்றுகளோடு பலகையின் படத்தையும் நிஜ அளவிலேயே அச்சிடுவார்கள். நாங்கள் கார்பன் தாள் வைத்து அதைச் செம்பில் நகலெடுத்து, நெயில் பாலிஷாலும் எனாமல் பெயின்டாலும் கோடுகளை நிரப்புவோம். உன் பலகையே இவ்வளவு சின்னதாக இருப்பதால், விருப்பமிருந்தால் பெர்மனென்ட் மார்க்கரால் நேரடியாகவே வரையலாம், இரண்டு பூச்சு கொடு.

செம்பைச் சுத்தம் செய்வதில் மட்டும் அவசரப்படாதே. பாத்திரம் தேய்க்கும் பச்சை நிற நாரும் சோப்பும் போட்டு எல்லாத் திசையிலும் தேய். கழுவித் தூக்கிப் பார், தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய்ப் பசை போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத் தூக்கு. அயர்ன் பாக்ஸைக் காட்டன் சூட்டில் வை, ஆவி வேண்டாம். காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, முதல் அரை நிமிடம் நகர்த்தாமல் அழுத்து. பிறகு ஓரங்களில் நன்றாக நகர்த்தி நகர்த்தி நான்கைந்து நிமிடம் அழுத்து. தானாக ஆறட்டும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணிநேரம் ஊறவிட்டு, கட்டைவிரலால் காகிதத்தைத் திரித்துத் திரித்து எடு. பேட்களின் நடுத் துளையில் ஒட்டியிருக்கும் காகித நாரைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடு, நார் இருந்தால் அடியில் உள்ள செம்பு கரையாது. கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் மார்க்கரால் நிரப்பு. நிறைய விட்டுப்போயிருந்தால் தின்னரால் முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கு. காகிதம்தான் போகும், பலகை போகாது.

இப்போது ஃபெரிக் குளோரைடு. இந்தப் பகுதியை அப்பாவோடு சேர்ந்து படி, அவர் கூட இருக்கும்போதுதான் செய்யவேண்டும். கைக்கு ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். இடம் மொட்டை மாடி, நிழலில். பொடியாக வாங்கினால் தண்ணீரை முதலில் ஊற்றி அதில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. கலக்கும்போதே அது நன்றாகச் சூடாகும், அதனால் பொடியின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பிளாஸ்டிக் தட்டு மட்டும்தான். அலுமினியப் பாத்திரத்தை இது கொதித்துக்கொண்டு தின்னும், எவர்சில்வரையும் விடாது. ஆகவே அடுப்படித் தொட்டியின் பக்கமே கொண்டுபோகாதே. தரையிலோ துணியிலோ பட்டால் துருப்பிடித்த நிறத்தில் நிரந்தரக் கறை.

உள்ளே நடப்பது இதுதான். கரைசலில் இருக்கும் இரும்பு, செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த செம்பு தகட்டை விட்டுக் கரைசலில் இறங்கிவிடுகிறது. டோனர் மூடிய இடத்தில் கரைசலுக்குச் செம்பைத் தொட வழியில்லை. பலகையைச் செம்புப்பக்கம் கீழே பார்க்கும்படி மிதக்கவிடு, எடுக்க வசதியாக முதுகில் டேப் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள். அரித்து வரும் கசடு கீழே விழுந்துவிடுவதால் புதுக் கரைசல் செம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அடியில் காற்றுக் குமிழி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். தட்டை இன்னொரு பெரிய தட்டில் உள்ள சுடுதண்ணீரில் வைத்தால் வேலை விரைவாக நடக்கும். 40 டிகிரி போதும், கொதிக்க வைக்காதே, மூக்கை அரிக்கும் ஆவி வரும். புதுக் கரைசலில் பத்திலிருந்து இருபது நிமிடம். கடைசிச் செம்புத் துளி மறைந்ததும் எடுத்துவிடு. செம்பு கீழ்நோக்கி மட்டும் அரிபடுவதில்லை, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிபடும். மறந்து விட்டுவிட்டால் கோடுகள் மெலிந்துபோகும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து இரண்டே நிமிடத்தில் முடிப்பதாகச் சில வீடியோக்கள் வருகின்றன. அதைச் செய்யாதே. கலவை விகிதம் தவறினால் குளோரின் வாயு கிளம்பும். நமக்கு அந்த இரண்டு நிமிட அவசரம் தேவையே இல்லை.

இனி எல்லாரும் ஒரு வரியில் கடந்துபோகிற இடம், பயன்படுத்திய கரைசல். ஃபெரிக் குளோரைடு தனியாக அவ்வளவு மோசமானதில்லை, குடிநீரில் கலங்கலைப் படியவைக்கக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். கெடுதல் அதில் இப்போது கரைந்திருக்கும் செம்பில் இருக்கிறது. பாசிக்கும் நத்தைக்கும் மீனுக்கும் மிகச் சிறிய அளவு செம்பே நஞ்சு. குளங்களில் பாசியைக் கொல்லச் செம்புச் சேர்மத்தைத்தான் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறதென்று உனக்குத் தெரியும், அந்த வாய்க்கால் ஓரத்தில் சின்ன வயதில் நீ மீன்குஞ்சு பிடித்திருக்கிறாய். ஒரு சொட்டுகூட அங்கே போகக்கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் கொட்டவேண்டிய தேவையே பல காலத்துக்கு வராது என்று தெரியும். 5 செ.மீ.க்கு 5 செ.மீ. பலகையில் இருக்கும் மொத்தச் செம்பு ஏறத்தாழ 0.8 கிராம். பாதி அகற்றுகிறாய் என்றால் 0.4 கிராம். ஒரு கிராம் செம்பைக் கரைக்க ஐந்து கிராமுக்குச் சற்று அதிகமான ஃபெரிக் குளோரைடு வேண்டும் என்று உன் வேதியியல் பாடத்தை வைத்தே நீ கண்டுபிடிக்கலாம். அதாவது உன் பலகை ஒன்றுக்கு இரண்டு கிராம். ஆகவே கரைசலை இறுக்கமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, பெரிய எழுத்தில் பெயரும் 'விஷம்' என்ற வார்த்தையும் எழுதி, தம்பியின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வை. குளிர்பான பாட்டில் கூடவே கூடாது. பழுப்பு நிறம் போய்க் கரும்பச்சையாகி, ஒரு பலகைக்கு முக்கால் மணிநேரம் பிடிக்கிறது என்றால்தான் அது ஓய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது உன் வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப்போ. அதில் இரும்பு நாரைப் போட்டால் இரும்பு கரைந்து செம்பு செந்நிறப் பொடியாக வெளியே வரும். வாயுவும் வரும் என்பதால் பாத்திரத்தை மூடக்கூடாது. பிறகு சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்து, மிச்ச உலோகமும் வண்டலாகப் படியும். அந்த வண்டலை உலர்த்தி, ஆய்வகத்தின் மற்ற உலோகக் கழிவுகளோடு சேர்த்து அவர்கள் ஒப்படைத்துவிடுவார்கள். பலகையைக் கழுவும் முதல் தண்ணீரையும் அதே பாட்டிலில் சேர்த்துக்கொள்.

துளையிடுவதும் சால்டரிங்கும் கைப்பழக்கம், எழுதிக் காட்டுவதற்கு அதிகமில்லை. டோனரைத் தின்னரால் துடைத்தால் கீழே செம்பு பளபளவென்று தெரியும். ஐசி, ரெசிஸ்டர் கால்களுக்கு 0.8 மி.மீ. பிட், பேட்டரி வயருக்கு 1 மி.மீ. செம்புப்பக்கத்திலிருந்து துளை, பேட்டின் நடுவில் அரிக்கப்பட்ட சின்னக் குழி பிட்டின் முனையை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள், தூளை ஊதாதே, ஈரத் துணியால் துடை. சால்டரிங்குக்கு 25 வாட் அயர்ன் போதும். முனையைப் பேட்டும் காலும் சேரும் இடத்தில் வைத்து இரண்டையும் சூடாக்கி, ஈயத்தை அயர்னின்மேல் வைக்காமல் சூடான செம்பின்மேல் வை. தானாக ஓடிப் பரவும். மொத்தம் இரண்டு மூன்று நொடிதான். ஐசியை நேராகப் பற்றவைக்காமல் எட்டுக் கால் சாக்கெட் வைத்துக்கொள். முடிந்ததும் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, அந்த ஈயத்தில் நிஜமாகவே ஈயம் இருக்கிறது.

பேட்டரியை மாட்டும் முன் மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொட்டுப் பார். பீப் சத்தம் வந்து நிற்காமல் தொடர்ந்தால் எங்கோ செம்பு இழை ஒன்று பாலம் போட்டிருக்கிறது. பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கிளாஸ் எபாக்ஸியின் ஊடாக அது கருப்புக் கோடாகத் தெரியும். பிளேடால் கீறி விட்டுவிடு. செம்பு கருக்காமல் இருக்க, எல்லாம் சரியாக ஓடிய பிறகு ரோசினைக் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்துச் செம்புப்பக்கத்தில் ஒரு பூச்சுக் கொடு.

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டைத் தொடும் எந்தப் பலகையையும் இப்போதைக்கு நினைக்காதே. அதற்குக் கோடுகளுக்கு இடையே பல மி.மீ. இடைவெளியும் வேறு கவனங்களும் வேண்டும், நேரில் வரும்போது சொல்லித் தருகிறேன். 9 வோல்ட் பேட்டரியிலேயே செய்து பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இந்தச் சனிக்கிழமை போகிறேன். கிளாஸ் எபாக்ஸித் துண்டுகள், 0.8, 1 மி.மீ. பிட்கள், சாக்கெட்டுகள், சின்ன டிரில் ஸ்டாண்டு எல்லாம் வாங்கிப் பார்சல் அனுப்புகிறேன். ஃபெரிக் குளோரைடை மட்டும் பார்சலில் போடமாட்டேன், அது ஒழுகினால் வழியில் எல்லாம் பாழாகும். அடுத்த மாதம் வரும்போது கையோடு கொண்டுவருகிறேன். அதற்குள் நோட்டில் வரைந்த படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் மேலே சொன்ன வழியையே வரையவேண்டும் என்றில்லை. பவர் கோட்டை வலதுபக்கம் சுற்றாமல் இடதுபக்கமாகக் கொண்டுபோக முடியுமா என்று பார், அப்படிப் போனால் மூன்றாம் காலின் ரெசிஸ்டர் எதைத் தாண்டவேண்டி வரும் என்றும் சேர்த்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா